உங்களுக்குத் தெரியுமா? காற்றில் ஓடும் நிலக்கரி

மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்களில் நிலக்கரியைக் கட்டியாக எரிப்பதில்லை. நுண்தூளாக அரைத்து, சூடான காற்றோடு கலந்து, குழாய் வழியே கொதிகலனுக்குள் ஊதுகிறார்கள். தூளில் ஏறத்தாழ 70 சதவீதமாவது 75 மைக்ரான் சல்லடையில் இறங்க வேண்டும்.

சிக்கல் வேகத்தில்தான். காற்றின் வேகம் நொடிக்குச் சுமார் 15 மீட்டருக்குக் கீழே போனால் தூள் குழாயின் அடியில் படியத் தொடங்கும். படிந்த கரி தானாகவே கனன்று தீப்பிடிக்கலாம். வேகத்தைக் கூட்டினாலோ குழாய் தேயும், அதுவும் கடுமையாக: வேகம் இரட்டித்தால் தேய்மானம் நான்கு மடங்குக்கும் மேல் ஏறும். முதலில் ஓட்டையாவது வளைவுகள். அதனால் அங்கே உட்புறம் பீங்கான் ஓடு பதிக்கிறார்கள்.

ஓர் அரவை இயந்திரத்திலிருந்து பல குழாய்கள் பிரியும். குட்டையான குழாயில் காற்று அதிகமாக ஓடிவிடும். அதைத் தடுக்க, நடுவில் துளையிட்ட தகட்டைக் குறுக்கே பொருத்துகிறார்கள். எளிய, அழகான தீர்வு! ஆனால் காற்று சமமானாலும் தூள் சமமாகிவிடாது. வளைவில் துகள்கள் வெளிப்பக்கம் ஒதுங்கி, கயிறு போலத் திரண்டு ஓடும். போதாததற்கு, அந்தத் தகடும் தேய்ந்து துளை பெரிதாகும். பராமரிப்புக்காக நிலையத்தை நிறுத்தும்போது துளையை அளந்து பார்ப்பது கட்டாயம்.