ஒரு சக்கரத்தில் மட்டும் பேடு ஏன் தேய்கிறது?

பழைய ஸ்போர்ட்ஸ் காரை விலை பேசும்போது விற்பவர் தவறாமல் சொல்வது: "பிரேக் பேடு எல்லாம் புதுசு போட்டாச்சு." பழைய பேடுகள் எப்படித் தீர்ந்தன என்று யாரும் கேட்பதில்லை. எல்லாச் சக்கரத்திலும் சீராகத் தேய்ந்து தீர்ந்திருந்தால் பிரச்சினையில்லை. ஒரே ஒரு பேடு மட்டும் இரும்புத் தகடு வரை தேய்ந்திருந்தால், புதிதாகப் போட்டதும் கொஞ்ச நாளில் அதே கதிதான். எந்தப் பேடு, எந்தப் பக்கம், எந்த வடிவில் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் பழுது எங்கே என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கொள்வோம். 1989-இல் அறிமுகமாகி, 2016-இல் உற்பத்தியில் பத்து லட்சத்தைத் தொட்ட இரண்டு இருக்கைக் கார். பிரிட்டனில் பழைய எம்எக்ஸ்-5 வாங்குகிறவர்கள் முதலில் சந்திக்கும் தொல்லைகளில் ஒன்று, பின்சக்கர காலிப்பர் ஜாம் ஆவது. பலர் கோடையில் கூரையைத் திறந்து ஓட்டிவிட்டு, குளிர்காலம் முழுக்க காரை நிறுத்தி வைக்கிறார்கள். நிறுத்தாதவர்கள் பனிக்காக உப்பு தூவிய சாலையில் ஓட்டுகிறார்கள். இரண்டுமே பிரேக்கில் துருவை வளர்க்கும்.

காலிப்பர் எப்படி வேலை செய்கிறது?

இந்தக் காரின் காலிப்பரில் பிஸ்டன் ஒன்றுதான். அதுவும் உட்பக்கம் இருக்கிறது. பெடலை அழுத்தினால் பிஸ்டன் உள் பேடை டிஸ்க் மீது தள்ளும். தள்ளுகிற வேகத்தில் காலிப்பர் இரண்டு ஸ்லைடு பின்கள் மீது உள்நோக்கி நகர்ந்து, வெளிப் பேடையும் இழுத்து டிஸ்க்கில் அழுத்தும். காலை எடுத்ததும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் பிஸ்டனை இம்மியளவு பின்னால் இழுத்துக்கொள்ளும். ஆக, அசைய வேண்டியவை இரண்டு: பிஸ்டன், பின்கள். எது சிக்கிக்கொண்டாலும் அதன் தடம் பேடில் விழும்.

பேடைப் பார்ப்பது

சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்த பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யக் கூடாது. பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதவும் கூடாது. பேடுகளைக் கழற்றும்போதே பின்தகட்டில் சாக்பீஸால் "இடது உள்", "இடது வெளி" என்று எழுதி, வரிசையாகக் கீழே வைத்து அளந்து பாருங்கள். புதுப் பேடின் தேயும் பகுதி ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும், 3 மி.மீ.க்கு வந்தால் மாற்ற வேண்டியதுதான். ஒரே சக்கரத்தின் உள் பேடுக்கும் வெளிப் பேடுக்கும் 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

*உள் பேடு மட்டும் தேய்ந்திருந்தால்:* ஸ்லைடு பின் சிக்கியிருக்கலாம். காலிப்பர் நகராததால் உள் பேடு ஒன்றே முழுச் சுமையையும் தாங்குகிறது. அல்லது பிஸ்டன் வெளியே வந்த பிறகு திரும்பாமல் நிற்கிறது.

*வெளிப் பேடு மட்டும் தேய்ந்திருந்தால்:* பிஸ்டன் திரும்பிவிட்டது, காலிப்பர் திரும்பவில்லை. இங்கும் முதலில் பார்க்க வேண்டியது பின்களையே.

*ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்திருந்தால்:* இரண்டு பின்களில் ஒன்று மட்டும் சிக்கி, காலிப்பர் கோணலாக நகர்கிறது. அல்லது பேடின் காது துருவேறிய பள்ளத்தில் இறுகியிருக்கிறது. லேசான சாய்வு எந்தக் காரிலும் இருக்கும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால்தான் கவனிக்க வேண்டும்.

*பின்சக்கரப் பேடு முன்சக்கரப் பேடை முந்தித் தேய்ந்தால்:* பிரேக் பிடிக்கும்போது காரின் எடை முன்னால் சாய்வதால் முன்பக்கப் பேடுகள்தான் சீக்கிரம் தீர வேண்டும். இது தலைகீழானால் சந்தேகம் ஹேண்ட் பிரேக் மேல்.

*இடதும் வலதும் ஒத்துப்போகாவிட்டால்:* இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள். அதிகம் தேய்ந்த பக்கத்தில்தான் பழுது என்று முடிவுகட்டிவிட முடியாது. ஒரு பக்க பிஸ்டன் துருவேறி அசையாமல் கிடந்தால், அந்தப் பக்கப் பேடு புதிது போலவே இருக்கும். எதிர்ப் பக்கம் கூடுதலாகத் தேயும். பழுது எந்தப் பக்கம் என்று பிரித்தறிய ஓட்டிப் பார்ப்பதே வழி. பிரேக்கைத் தொடாமலே கார் ஒரு பக்கம் இழுத்தால், இழுக்கும் பக்கத்து பிரேக் விடுபடவில்லை. பிரேக் பிடிக்கும்போது மட்டும் இழுத்தால், எதிர்ப் பக்கத்து பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. டயர் காற்றும் வீல் அலைன்மென்ட்டும் சரியாக இருந்தால்தான் இந்தச் சோதனை செல்லும்.

டிஸ்க்கும் சாட்சி சொல்லும். ஒரு முகம் பளபளப்பாகவும் மறுமுகம் துருப்பிடித்தும் இருந்தால், துருப்பிடித்த பக்கத்துப் பேடு வேலையே செய்யவில்லை. நீலம் பாய்ந்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. ஒரு சக்கரத்தின் ரிம்மில் மட்டும் கரித்தூசி கூடுதலாகப் படிந்திருப்பதும் ஒரு குறிப்புதான்.

சிக்கியிருப்பது எது?

தூக்கி நிறுத்திய காரில் பிரேக்கை ஒருமுறை அழுத்தி விட்டுவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசான உரசல் சத்தம் வழக்கம். முக்கி முக்கிச் சுற்ற வேண்டியிருந்தால், பிளீடிங் நிப்பிளைச் சற்றே தளர்த்துங்கள். கொஞ்சம் பிரேக் ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே ஃப்ரீயானால் உள்ளே அழுத்தம் தேங்கியிருந்தது என்று பொருள். பழைய ரப்பர் ஹோஸின் உட்சுவர் உப்பி, ஆயிலைப் போகவிட்டுத் திரும்பவிடாமல் தடுப்பது இப்படித்தான் பிடிபடும். நிப்பிளைத் திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் சிக்கல் பிஸ்டனிலோ பின்னிலோ ஹேண்ட் பிரேக்கிலோ இருக்கிறது.

பின்சக்கரமானால் அடுத்து ஹேண்ட் பிரேக் கேபிள். ஹேண்ட் பிரேக்கை இறக்கியதும் காலிப்பரில் உள்ள சிறிய லீவர் முழுவதுமாகத் திரும்பி ஸ்டாப்பரில் உட்கார வேண்டும். உட்காரவில்லையென்றால் கேபிளை லீவரிலிருந்து கழற்றிப் பாருங்கள். லீவர் திரும்பினால் குற்றம் கேபிளில், திரும்பாவிட்டால் காலிப்பரில்.

முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5 காரில் பின் காலிப்பரின் முதுகில் ஒரு போல்ட் இருக்கிறது. அதைக் கழற்றினால் 4 மி.மீ. ஆலன் கீ நுழையும் திருகு தெரியும். பேடு டிஸ்க்கைத் தொடும் வரை அதைச் சுற்றிவிட்டு, மூன்றில் ஒரு சுற்று தளர்த்துவதுதான் சரியான அட்ஜஸ்ட்மென்ட். பலர் இதை விட்டுவிட்டுக் கேபிளை மட்டும் இறுக்குகிறார்கள். ஹேண்ட் பிரேக் அப்போதைக்குப் பிடிக்கும், ஆனால் லீவர் ஸ்டாப்பருக்குத் திரும்பாமல் பேடு நாள் முழுக்க உரசிக்கொண்டே இருக்கும். முதலில் காலிப்பர், பிறகு கேபிள் என்பதே வரிசை. புதுப் பேடு போடும்போதும் பிஸ்டனை இந்தத் திருகால்தான் உள்ளிழுக்க வேண்டும். கிளாம்ப் வைத்து அழுத்தினால் உள்ளிருக்கும் அட்ஜஸ்டர் கெட்டுவிடும்.

எல்லாக் காருக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. போர்ஷே பாக்ஸ்டர் போன்றவற்றில் காலிப்பர் நகராது. இரு பக்கமும் பிஸ்டன் உண்டு, ஸ்லைடு பின் கிடையாது. அங்கே ஒரு பேடு மட்டும் தேய்ந்தால் அந்தப் பக்கத்து பிஸ்டனையும், பேடு உட்காரும் பள்ளத்தையும் பார்க்க வேண்டும்.

செலவும் பேரமும்

ஸ்லைடு பின் மட்டும் சிக்கியிருந்தால் செலவு சொற்பம். கழற்றித் துடைத்து, கிழிந்த ரப்பர் பூட்டை மாற்றி, பிரேக்குக்கென்றே உள்ள சிலிக்கோன் கிரீஸ் தடவினால் போதும். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும். பிஸ்டனில் துருக்குழி விழுந்திருந்தால் காலிப்பரையே மாற்ற வேண்டிவரும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் அதற்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். பேடையும் டிஸ்க்கையும் இடது வலது சேர்த்து ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம்தான் பிஸ்டனை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது. எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலையும் மாற்றுங்கள்.

வாங்கும் முன்பே சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதித்தால், இந்தச் செலவுகளை விலையில் கழித்துப் பேசலாம். சம்மதிக்காவிட்டால், பின் காலிப்பர் இரண்டையும் மாற்ற வேண்டியிருக்கும் என்றே கணக்குப் போட்டு விலை சொல்லுங்கள். பழுது பார்த்து 1,000 கி.மீ. ஓடிய பிறகு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி, உள் பேடையும் வெளிப் பேடையும் மறுபடி அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் வேலை முடிந்தது.