மரப்பாலம் போச்சு, இரும்புப் பாலம் வந்தாச்சு. கவலை தீர்ந்ததா?

கடலூர் சாலையில் பஸ்ஸில் போகும்போது, "மரப்பாலம் எல்லாம் இறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுப்பதைக் கேட்டிருப்பீங்க. இறங்கிப் பார்த்தால் சிக்னல் இருக்கும், கடைகள் இருக்கும். மரப்பாலத்தைத்தான் காணோம். பெயர் மட்டும் மிச்சம்.

மரப்பாலங்களை ஏன் மாற்றுகிறார்கள்? எப்போதும் காய்ந்தே இருக்கும் மரம் நீண்ட நாள் தாங்கும். முழுக்க ஆற்றுநீருக்குள் மூழ்கியிருப்பதும் தாங்கும். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைகிற இடம்தான் முதலில் உளுத்துப்போகும். அதாவது, தூண் நீர்மட்டத்தைத் தொடும் இடம். உப்புநீர் ஏறும் முகத்துவாரம் என்றால், மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவும் சேர்ந்துகொள்ளும். வெளியே கெட்டியாகத் தெரியும் தூண், உள்ளே வெறும் கூடாக இருக்கலாம்.

எஃகுப் பாலத்துக்குத் தூண்கள் குறைவாகப் போதும். வெள்ளத்தில் வரும் மரக்கிளைகளும் குப்பையும் தூண்களில் சிக்குவது குறையும். பாகங்களைப் பட்டறையில் செய்து கொண்டுவந்து பொருத்தலாம்.

அப்போ இரும்பு போட்டால் கவலையே இல்லையா? கடற்கரைச் சாலையில் காந்தி சிலை பக்கம் நின்று கடலைப் பாருங்க. அலைக்கு நடுவே நிற்கும் துருப்பிடித்த தூண்கள், பிரெஞ்சுக்காரர்கள் 1866-இல் அமைத்த துறைமுகப் பாலத்தின் மிச்சம். 1952 புயலில் அந்தப் பாலம் அழிந்தது.

பாம்பனையும் பார்ப்போம். 1914-இல் திறந்த ரயில் பாலம் 100 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. உப்புக்காற்றின் அரிப்பால் 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்டது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-இல்தான் திறக்கப்பட்டது. இடைப்பட்ட 2 ஆண்டுகளுக்கு மேல் ராமேஸ்வரம் போனவர்கள் முன்னாலேயே இறங்கி, சாலை வழியாகப் போனார்கள். சிரமம்தான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், அரிப்பைத் தடுக்கும் சிறப்புப் பூச்சும் உண்டு. அதற்கும் பராமரிப்பு வேண்டும்.

புனே அருகே இந்திராயணி ஆற்றின் பழைய இரும்பு நடைபாலத்தில் 2025 ஜூன் 15 அன்று ஒரே நேரத்தில் கூட்டம் ஏறியது. பாலம் இடிந்து 4 பேர் இறந்தார்கள்.

எனவே நீங்கள் செய்ய வேண்டியவை:

• எடை வரம்புப் பலகை இருந்தால், அதற்கு மேல் பாரம் ஏற்றிய வண்டியை ஓட்டாதீங்க.

• மூடிய பாலத்தில் தடுப்பை நகர்த்திவிட்டு "டூவீலர்தானே" என்று போகாதீங்க.

• பழைய பாலத்தில் கும்பலாக நின்று செல்ஃபி எடுக்காதீங்க.

• தளர்ந்த கைப்பிடி, செதில் செதிலாக உதிரும் துரு, தூணடியில் மண் அரிப்பு, புதிதாக ஓர் ஆட்டம் – எது கண்ணில் பட்டாலும் போட்டோ எடுங்க. இடம், தேதி எழுதி, பொதுப்பணித் துறையிலோ உங்கள் கொம்யூன் பஞ்சாயத்திலோ கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்க.

• உடனடி ஆபத்து என்றால் 112-ஐ அழையுங்க.

பொறியாளர் எப்போதாவதுதான் ஆய்வுக்கு வருவார். தினமும் அந்தப் பாலத்தைக் கடப்பவர் நீங்கள்தான்.