வாவியை விற்காமல் வாழும் நகரம்

கொள்வனவுக்காகச் சீனாவின் ஈவூ சந்தைக்குப் போய்வரும் எமது வர்த்தகர்களின் பர்ஸில் ஒரு யுவான் தாள் ஒன்றாவது மிஞ்சிக் கிடக்கும். அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நீருக்கு நடுவே சிறிய கற்கோபுரங்கள் தெரியும். அவை ஹாங்சோ நகரத்தின் மேற்கு வாவியில் நிற்பவை. ஈவூவிலிருந்து வேக ரயிலில் ஒரு மணித்தியாலம் கூட ஆகாது. ஆனால் ஈவூவுக்குப் பத்துத் தடவை போனவர்களிலும் அங்கு இறங்கியவர்கள் சிலரே.

சென்ற முறை என்னோடு வந்த ஒரு வர்த்தக நண்பரிடம் ஒரு நாளை ஹாங்சோவுக்கு ஒதுக்குவோம் என்றேன். "ஒரு நாள் சும்மா போனா ஹோட்டல் காசும் சாப்பாட்டுக் காசும் நட்டம்தானே நானா?" என்றார். வியாபாரியின் கேள்வி நியாயமானதுதான். அந்த நகரத்தில் என்ன பார்க்கலாம் என்பதோடு, வியாபாரிக்கு அங்கே என்ன பாடம் இருக்கிறது என்பதையும் சேர்த்தே இங்கு சொல்கிறேன்.

டிக்கட் இல்லாத வாவி

மேற்கு வாவியின் பரப்பு சுமார் ஆறரை சதுர கிலோமீற்றர். மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் நகரம். 2011இல் யுனெஸ்கோ இதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பொதுவாக இப்படியொரு இடம் கிடைத்தால் சுற்றி வேலி போட்டு, வாசலில் ஒருவரை உட்கார வைத்து டிக்கட் விற்பார்கள். ஹாங்சோவிலும் வாவிக்கரைப் பூங்காக்கள் பலவற்றுக்கு முன்னர் கட்டணம் இருந்தது. 2002இல் நகர நிர்வாகம் அவற்றை இலவசமாகத் திறந்துவிட்டது.

"டிக்கட் இல்லாட்டி அவனுக்கு என்ன லாபம்?" என்று நண்பர் கேட்டார். கணக்கு இப்படித்தான். டிக்கட் வாங்கியவர் அரை நாளில் பார்த்து முடித்துவிட்டு அடுத்த ஊருக்கு பஸ் ஏறிவிடுவார். டிக்கட் இல்லாத இடத்தில் காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை என்று இரவும் தங்கிவிடுவார். இரவு தங்கினால் அறை வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, டாக்ஸி, தேயிலை, பட்டு என்று செலவு பெருகும். வாசலில் விட்ட சில யுவானை நகரம் பத்து இடத்தில் திரும்பப் பெறுகிறது.

இந்தக் கணக்கு புதியதுமல்ல. 1090ஆம் ஆண்டளவில் வாவி புல் மண்டித் தூர்ந்துபோயிருந்தது. அப்போது அங்கு ஆளுநராக இருந்த கவிஞர் சு டொங்போ அதனைத் தோண்டித் துப்புரவாக்கினார். தோண்டிய சேற்றைக் கொண்டு வாவியின் குறுக்கே சுமார் 2.8 கிலோமீற்றர் நீளப் பாதை அமைத்தார். கரையோர நீரை நீர்ப்பயிர் செய்கைக்குக் குத்தகைக்கு விட்டு, அந்தப் பணத்தைப் பராமரிப்புக்கு ஒதுக்கினார். பயிர் உள்ளே பரவி வாவி மீண்டும் தூர்ந்துவிடாதிருக்க எல்லைக் குறிகளாக மூன்று கற்கோபுரங்களை நட்டார். பின்னாளில் புதுப்பிக்கப்பட்ட அந்தக் கோபுரங்கள்தான் இன்று யுவான் தாளில் இருக்கின்றன. ஓரத்தில் சம்பாதி, நடுவைத் தொடாதே என்பதே அவற்றின் பொருள்.

எங்கெங்கு போகலாம்?

காலை சுபஹுத் தொழுகையோடு புறப்பட்டு சு பாதையில் நடங்கள். ஆறு கற்பாலங்கள், இருபுறமும் மரங்கள், உடற்பயிற்சி செய்யும் முதியவர்கள் என்று அந்த நேரத்தில் ஊர் ஊராகவே தெரியும். நடக்க இயலாதவர்களுக்கு வாடகைச் சைக்கிள் உண்டு. 2008இல் ஹாங்சோ ஆரம்பித்த பொதுச் சைக்கிள் சேவையில் முதல் ஒரு மணித்தியாலம் இலவசம். கோபுரங்களைக் கிட்டப் பார்க்க வேண்டுமானால் படகில் தீவுக்குப் போக வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. தென்கரையில் லெய்ஃபெங் கோபுரம் இருக்கிறது. பழையது 1924இல் இடிந்து விழுந்தது, இப்போதுள்ளது 2002இல் கட்டி முடிக்கப்பட்டது. இதற்கும் டிக்கட் எடுக்க வேண்டும். மேலேறினால் முழு வாவியும் கண்ணுக்குள் வரும்.

தேயிலை நாட்டிலிருந்து போகும் நாம் லொங்ஜிங் கிராமத்தைத் தவறவிடக் கூடாது. நாம் கொழுந்தை அரைத்து நொதிக்க வைத்துக் கறுப்புத் தேயிலை செய்கிறோம். அவர்கள் பறித்த கையோடு இரும்புச் சட்டியில் வறுத்து, பச்சை நிறம் மாறாமல் எடுக்கிறார்கள். ஏப்ரல் முதல் வாரத்திற்கு முன் பறித்த கொழுந்துக்கு விலை பல மடங்கு. 'மேற்கு வாவி லொங்ஜிங்' என்ற பெயரை 168 சதுர கிலோமீற்றர் எல்லைக்குள் விளைந்ததற்கு மட்டுமே போடலாம். வாவிக்கு டிக்கட் இல்லை, ஆனால் வாவியின் பெயருக்கு எவ்வளவு பெறுமதி பாருங்கள். போலிகளும் ஏராளம். ஆகவே தெருவில் வாங்காமல், கிராமத்து வீடொன்றில் அமர்ந்து ஒரு கோப்பை குடித்துப் பார்த்து வாங்குங்கள். அருகிலுள்ள தேசிய தேயிலை நூதனசாலைக்கும் நகரிலுள்ள தேசிய பட்டு நூதனசாலைக்கும் அனுமதி இலவசம். புடவை வியாபாரிகள் பட்டு நூதனசாலையில் இரண்டு மணித்தியாலம் செலவிட்டால் அசல் பட்டையும் கலப்படத்தையும் விசாரித்து வாங்கும் அறிவு கிடைக்கும்.

பழைய நகரில் பீனிக்ஸ் பள்ளிவாசல் இருக்கிறது. சீனாவின் தென்கிழக்குக் கரையோரத்தின் மிகப் பழைமையான நான்கு பள்ளிவாசல்களுள் ஒன்றாக இது எண்ணப்படுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மீளக் கட்டப்பட்ட இதன் தொழுகை மண்டபம், மர உத்தரம் எதுவுமின்றிச் செங்கல் குவிமாடங்களாலேயே நிற்கிறது. 1344இல் இலங்கை வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா, தனது பயண நூலில் இந்நகரைக் 'கன்சா' என்று குறிப்பிடுகிறார். தான் கண்ட நகரங்களில் இதுவே மிகப் பெரியது என்கிறார். அங்கே முஸ்லிம் வர்த்தகர்களின் தனிக் குடியிருப்பும் பள்ளிவாசல்களும் இருந்ததையும் எழுதுகிறார். நாம் போகும் பாதை அன்றே போட்ட பாதைதான். வெள்ளிக்கிழமை தங்குபவர்கள் ஜும்ஆ எங்கு நடைபெறுகிறது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

உட்பக்கம் பார்த்த பலகை

பள்ளிவாசலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஹெஃபாங் கடைத்தெரு. அதையொட்டிய ஒழுங்கையில் 1874இல் ஹு ஷுவேயன் என்ற பெரும் வணிகர் ஆரம்பித்த மருந்துக்கடை இன்றும் இயங்குகிறது. கடைகளில் பெயர்ப்பலகை வாடிக்கையாளரைப் பார்த்துத்தான் இருக்கும். இங்கு ஒரு பலகை மட்டும் உட்பக்கமாக, வேலை செய்பவர்களைப் பார்த்துத் தொங்குகிறது. 'ஏமாற்றுவதைத் தவிர்' என்பது அதிலுள்ள வாசகத்தின் பொருள். 1878இல் முதலாளியே எழுதி வைத்தது. வெளிப்பக்கம் பார்த்த இன்னொரு பலகை, பொருள் அசல், விலை ஒன்றே என்கிறது.

இந்த முதலாளி 1883இல் பட்டைப் பெருமளவில் வாங்கிப் பதுக்கி விலையேற்ற முயன்று, சந்தை சரிந்ததில் எல்லாவற்றையும் இழந்தார். 1885இல் காலமானார். ஊக வியாபாரம் அழிந்தது, நம்பிக்கையில் நடந்த கடை நின்றது. ஹாங்சோவில் எனக்கு மனதில் தைத்த இடம் இதுதான். நண்பர் அந்தப் பலகைக்குக் கீழே நெடுநேரம் நின்றார். (இங்குள்ள மருந்துகளில் நமக்கு ஆகாத பொருட்கள் சேர்ந்திருக்கலாம் என்பதால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.)

போகுமுன் கவனிக்க

அக்டோபர் முதல் வாரம் சீனாவின் தேசிய விடுமுறை. அப்போது வாவிக்கரையில் கால் வைக்க இடமிராது. மே முதலாந் திகதியை ஒட்டிய நாட்களும் அப்படியே. ஜூலை, ஆகஸ்ட் கடும் வெயில், ஜூன் மழை. மார்ச் இறுதி, ஏப்ரல், அக்டோபர் பிற்பகுதி ஆகியன உகந்தவை. சாப்பாட்டுக்கு வடமேற்குச் சீன முஸ்லிம்களின் நூடில்ஸ் கடைகளைத் தேடுங்கள். ஹலாலைக் குறிக்கும் 'சிங்ஜென்' என்ற சீன எழுத்துக்களை ஒருவரிடம் எழுதி வாங்கிக் கைப்பேசியில் வைத்திருந்தால் வசதி. பல கடைகளில் கைப்பேசி மூலமே பணம் செலுத்துகிறார்கள், எனவே அதற்கான ஏற்பாட்டைப் புறப்படுமுன்பே செய்துகொள்ளுங்கள்.

அடுத்த கொள்வனவுப் பயணத்தில் ஒரு நாளை இதற்காக ஒதுக்குங்கள். ஈவூவில் நாம் பார்ப்பது பொருளின் விலையை. ஹாங்சோவில் பார்க்கக் கிடைப்பது வேறொன்று. எதை விற்பது என்று எல்லா வியாபாரிக்கும் தெரியும். எதை விற்கக்கூடாது என்று தெரிந்த நகரம் ஆயிரம் ஆண்டுகளாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறது. நம் கடையில், நம் தொழிலில் அந்த மூன்று கற்கோபுரங்களை எங்கே நடுவது என்று ஒவ்வொருவரும் யோசித்துப் பார்த்தால், அந்த ஒரு நாள் நட்டக் கணக்கில் சேராது.