முதல் கவிதையை யார் கேட்பது?

தமிழில் ஒரு கவிதை சபையேறுவது எப்படியிருக்கும் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் கண்முன் நிற்பது 1965-இல் வெளிவந்த 'திருவிளையாடல்' படத்தின் காட்சிதான். நாகேஷின் தருமி ஓலையும் கையுமாகத் தவிக்க, படத்தை இயக்கிய ஏ. பி. நாகராஜனே நக்கீரராக எழுந்து பாட்டில் குற்றம் இருக்கிறது என்கிறார். கைதட்டல் நக்கீரருக்கு. இறைவனே எதிரில் நின்றாலும் பிழையைப் பிழை என்று சொல்லும் நெஞ்சுரம் நமக்குப் பெருமிதம் தருகிறது, தரட்டும். ஆனால் இதே வார்ப்பில் எத்தனை கதைகளைச் சேர்த்து வைத்திருக்கிறோம்! குற்றமுள்ள பாட்டைக் கேட்கும்போதெல்லாம் சீத்தலைச் சாத்தனார் எழுத்தாணியால் தம் தலையிலேயே குத்திக்கொண்டாராம். பிள்ளைப்பாண்டியன் குட்டுவான், வில்லிபுத்தூரார் காதை அறுப்பார், ஒட்டக்கூத்தர் தலையையே வாங்கிவிடுவார். இவர்களெல்லாம் இப்போது இல்லாததால்தான் கண்டவரும் பாட வந்துவிட்டார்கள் என்று அலுத்துக்கொள்ளும் தனிப்பாடல்கூட உண்டு. இவை கர்ணபரம்பரைக் கதைகள், வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் புதிதாக எழுத வருகிறவரை எப்படி நடத்த வேண்டும் என்று நாம் உள்ளூர நினைத்து வந்திருக்கிறோம் என்பதை அவை காட்டிக்கொடுக்கின்றன.

நம் இலக்கண நூல்கள் இந்த விஷயத்தில் கதைகளைவிடக் கனிவானவை. ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் தரத் தக்கவர்கள் யார் என்று வரையறுக்கிறது. ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், உரை எழுதியவர் என்று நான்கு பேர். இதில் கவனிக்க வேண்டியது கூடப் படித்தவர். அவர் பெரிய புலவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்டவர், அவ்வளவுதான். அவருக்கும் பாராட்டும் தகுதி உண்டு என்று ஒப்புக்கொள்வதோடு நிற்காமல், அப்படிச் சொல்வதை அவருடைய கடமையாகவே வைக்கிறது நூற்பா. அடுத்த நூற்பா காரணத்தையும் விளக்கிவிடுகிறது. எவ்வளவு கற்றவராயினும் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வது தகாது. எழுதியவர் தம் எழுத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாதென்றால், வேறொருவர் திறந்துதானே ஆக வேண்டும்? புதுக் கவிஞரை வரவேற்பது பெரிய மனது உள்ளவர்கள் செய்யும் தயவு என்று எண்ணுகிறோம். கவிதை என்ற தொழில் நடப்பதற்கே அது ஓர் உறுப்பு என்பதுதான் என் வாதம்.

இதற்கு நம் காலத்துக்கு நெருக்கமான சான்று பாரதியும் பாரதிதாசனும். 1908-இல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த பாரதியைச் சுற்றி ஒரு சிறு வட்டம் உருவானது. அங்கே வந்துபோன பள்ளி ஆசிரியர் கனக சுப்புரத்தினம் பாட்டு எழுதுவார் என்பதில் கூட இருந்தவர்களுக்கு நம்பிக்கை இல்லை. பாரதி எல்லார் முன்னிலையிலும் அவரைப் பாடச் சொன்னார், கேட்டார், பிறகு அந்தப் பாட்டைச் 'சுதேசமித்திரன்' பத்திரிகைக்கு அனுப்பிவைத்தார். அனுப்பும்போது, இவர் என் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் என்று ஒரு குறிப்பும் சேர்த்தார். இந்த நிகழ்ச்சியைப் பலரும் பலவிதமாக உணர்ச்சி பொங்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது பாரதி எதைச் செய்தார் என்பதன் எளிமை. பெரிய பாராட்டுரை எதுவும் இல்லை. பாடுவதற்கு இடம் கொடுத்தார், முழுதாகக் காது கொடுத்தார், அறிமுகமில்லாத வாசகர்களிடம் முகவரியோடு சேர்த்தார். அந்த முகவரியைச் சுப்புரத்தினம் கடைசிவரை மறக்கவில்லை. தம் பெயரையே மாற்றிக்கொண்டார். 1935-இல் 'ஸ்ரீ சுப்பிரமணிய பாரதி கவிதா மண்டலம்' என்று கவிதைக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். 1947-இல் புதுக்கோட்டையிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'பொன்னி', 'பாரதிதாசன் பரம்பரை' என்ற தலைப்பில் இளங்கவிஞர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்தது. அந்தப் பரம்பரையில் வந்த இராசகோபாலன், சுப்புரத்தினதாசன் என்று பெயர் வைத்துக்கொண்டு அதைச் சுருக்கிச் சுரதா ஆனார். அவர் மேடைக்காகக் காத்திராமல் வீட்டுக்கு வீடு கவியரங்கம், படகுக் கவியரங்கம் என்று கவிதையைத் தெருவுக்கும் தண்ணீருக்கும் கொண்டுபோனார். பாரதிதாசனோ எழுபது வயதை நெருங்கும்போது சென்னைக்கு வந்து, தியாகராய நகர் ராமன் தெருவில் குடியேறி, 1962-இல் 'குயில்' இதழை மறுபடி நடத்தினார். படம் எடுக்க வந்தவர், உடல் தளர்ந்தவர். ஆனாலும் பத்திரிகையை விடவில்லை. 1964 ஏப்ரல் 21-இல் காலமானார். அதே தியாகராய நகரில் வாழ்ந்த கண்ணதாசன், தாம் நடத்திய 'தென்றல்' இதழில் வெண்பாப் போட்டி வைத்து முகம் தெரியாதவர்களை எழுத வைத்தார். இன்று கண்ணதாசன் சாலையில் நடப்பவர்களுக்கு அவர் திரைப்பாட்டுகள் நினைவுக்கு வரும். இந்தப் போட்டிகள் வருவதில்லை.

உண்மையான கவிஞனுக்கு யார் ஆதரவும் தேவையில்லை, நெருப்பு தானே பற்றிக்கொள்ளும் என்று சொல்வார்கள். கேட்கக் கம்பீரமாக இருக்கிறது, ஆனால் இந்த வாதத்துக்கு ஓர் ஓட்டை உண்டு. தாண்டி வந்தவர்களை மட்டுமே நாம் பார்க்கிறோம். முதல் கூட்டத்திலேயே சுருண்டு, நோட்டுப் புத்தகத்தைப் பரணில் போட்டவர்கள் கணக்கில் வருவதில்லை. தாண்டி வந்தவர்களைக் கிட்டப்போய்ப் பார்த்தாலும் தனியாக வந்தவர்கள் குறைவு. இதற்கு உலகம் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆங்கிலக் கவி ஜான் கீட்ஸையே பார்க்கலாம். 1818-இல் இரண்டு பெரிய பத்திரிகைகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டன. போய் மருந்துக் கடையில் வேலை பார் என்றுகூட ஒன்று எழுதியது. அந்த விமர்சனமே அவரைக் கொன்றுவிட்டது என்பது பின்னால் பரவிய கதை. 1821-இல் 25 வயதில் அவரைக் கொண்டுபோனது காசநோய். நடுவில் 1819 என்று ஓர் ஆண்டு இருக்கிறது. அவருடைய மிகச் சிறந்த கவிதைகளில் பல அந்த ஆண்டில்தான் பிறந்தன. அடி வாங்கியும் அவர் எழுதினார் என்பது உண்மையே. ஆனால் 1816-லேயே அவர் கவிதையை அச்சேற்றி உலகத்துக்கு அறிமுகப்படுத்திய லீ ஹன்ட் என்ற பத்திரிகையாசிரியர் இருந்தார். தம் வீட்டில் இடம் கொடுத்த நண்பர் இருந்தார். எழுதியதை உடனுக்குடன் படிக்க ஒரு வட்டம் இருந்தது. நெருப்பு தானாகப் பற்றிய கதையாக இதைச் சொல்ல முடியாது.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது, அதில் உண்மையும் இருக்கிறது. பாராட்டு மலிந்துவிட்டது என்பது அது. இன்றைய கவியரங்கத்திலும் கைபேசியிலும் எதை எழுதினாலும் 'அருமை', 'அருமையிலும் அருமை'. நீ எனக்குப் பொன்னாடை போர்த்து, நான் உனக்குப் போர்த்துகிறேன். இப்படி வளர்ந்தவர் இருபது வருடம் கழித்தும் முதல் நாள் எழுதியதையே எழுதிக்கொண்டிருப்பார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே நடந்த தவறு வரவேற்பு அதிகமானதா? 'அருமை' என்று சொன்னவர் கவிதையைப் படிக்கவில்லை என்பதுதான் தவறு. எடுத்த எடுப்பில் 'இது கவிதையே இல்லை' என்று தள்ளுகிறவரும் பல நேரம் படித்திருக்க மாட்டார். இரண்டு பேரும் ஒரே இனம்.

படிப்பது என்றால் என்ன என்பதை ஒரு சின்ன இடத்தில் வைத்துப் பார்க்கலாம். வெண்பா பழகும் ஒருவர் மழையைப் பற்றி எழுதும்போது 'வானம் கொட்டிய' என்று அடுத்தடுத்த சீர்களாக வைத்துவிட்டார் என்று கொள்வோம். தளை தட்டுகிறது. 'வானம்' தேமா, வெண்பாவில் மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும், 'கொட்டிய' நேரில் தொடங்குகிறது. நக்கீரர் வழியில் வருபவர் 'தளை தெரியாமல் வெண்பா எதற்கு?' என்று கேட்டுவிட்டுப் போவார். பொன்னாடைக்காரர் கண்டுகொள்ளவே மாட்டார். இலக்கணம் தெரிந்த நல்லவர் ஒருவர், 'வானம் பொழிந்த' என்று மாற்றுங்கள், சரியாகிவிடும் என்பார். தளை சரிதான். ஆனால் எழுதியவர் 'கொட்டிய' என்ற சொல்லை எதற்காகப் போட்டார்? அது சென்னையில் டிசம்பரில் பெய்கிற மழை. பொழிகிற மழை வேறு. இதைக் கவனித்த வாசகர் முதலில், 'கொட்டிய என்ற சொல் நன்றாக விழுந்திருக்கிறது, அதை விடாதீர்கள்' என்பார். பிறகு, 'வானம் என்பதை வானமே ஆக்குங்கள். கூவிளம் ஆகிவிடும், விளச்சீருக்குப் பின் நேர் வரலாம்' என்பார். ஓர் ஏகாரம்தான் கூடியது. பிழையும் போயிற்று, எழுதியவரின் சொல்லும் பிழைத்தது. இவர் சொன்னதில் பாராட்டு எது, திருத்தம் எது என்று பிரிக்க முடியாது. உருதுக் கவி மரபில் மாணவர் எழுதியதை உஸ்தாத் திருத்தித் தருவதற்கு 'இஸ்லாஹ்' என்றே ஒரு முறை இருந்தது. காலிப் தம் மாணவர்களுக்குக் கடிதம் வழியாகவே இதைச் செய்தார். சபையில் தலைகுனிய வைக்காமல், தனியே, எழுத்தில்.

வரவேற்பும் கண்டிப்பும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்குச் சென்னையிலேயே பெரிய சாட்சி சி. சு. செல்லப்பாவின் 'எழுத்து'. 1959 ஜனவரியில் தொடங்கிய அந்தப் பத்திரிகையை அவர் திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெரு வீட்டிலிருந்து நடத்தினார். தமிழில் அதைவிடத் தயவு தாட்சணியம் பார்க்காத விமரிசன ஏடு அன்று இல்லை. பெரிய பெயர்களை அது விட்டுவைக்கவில்லை. ஆனால் யாருக்கும் தெரியாத பையன்களின் கவிதைக்கு அதன் கதவு திறந்திருந்தது. இருபது வயதை ஒட்டியிருந்த பிரமிள், தருமு சிவராமு என்ற பெயரில் கடல் கடந்து திருகோணமலையிலிருந்து அனுப்பியதை அது அச்சிட்டது. யாப்பை விட்ட கவிதையைக் கவிதையென்றே பலர் ஒப்பாத காலம். எஸ். வைதீஸ்வரன், சி. மணி, தி. சோ. வேணுகோபாலன் என்று புதியவர்கள் சேரச் சேர, 1962-இல் அவர்கள் கவிதைகளைத் தொகுத்துப் 'புதுக்குரல்கள்' என்று நூலாக்கி, அவற்றை எப்படிப் படிக்க வேண்டும் என்று செல்லப்பாவே எழுதினார். கைக்காசு கரையக் கரைய 1970 வரை அந்த ஏட்டை இழுத்துக்கொண்டு போனார். அவருடைய கண்டிப்பு கவிஞர்களை விரட்டவில்லை, ஏனென்றால் கண்டிப்பதற்கு முன் அவர் ஒவ்வொரு வரியையும் படித்திருந்தார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வட்டத்துக்கு ஆபத்தும் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. ஒருவரையொருவர் தட்டிக்கொடுக்கிறவர்கள் நாளடைவில் ஒரே மாதிரி எழுதத் தொடங்குவார்கள். பாரதிதாசன் பரம்பரையில் எத்தனையோ பேர் அவர் குரலின் எதிரொலியாகவே நின்றுவிட்டார்கள். சுரதா தப்பித்தது உவமை என்ற தனிப் பாதையைப் பிடித்ததால். 'எழுத்து' வழியில் வந்தவர்களிடம் இருண்மை ஒரு பழக்கமானது. 1971-இல் கோவையில் கிளம்பிய வானம்பாடிகள் 'விலையிலாக் கவிமடல்' என்று கவிதையை இலவசமாகவே கொடுத்தார்கள். எவ்வளவு திறந்த மனம்! அவர்களிடமும் முழக்கம் ஒரு வாய்பாடாக இறுகியது. இதற்கு மருந்து வட்டங்களை மூடுவதில் இல்லை. ஒரு நகரத்தில் ஒத்துப்போகாத பல வட்டங்கள் இருக்க வேண்டும், இளைஞர் ஒன்றிலிருந்து எழுந்து இன்னொன்றில் போய் உட்கார வழி இருக்க வேண்டும்.

இவ்வளவு பேரை வரவேற்று என்ன ஆகப் போகிறது, நூற்றில் தொண்ணூற்றொன்பது பேர் கவிஞராகப் போவதில்லையே என்பவர்கள் ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரை நினைத்துப் பார்க்க வேண்டும். திருநெல்வேலியில் அவர் வீட்டு முற்றத்தில் கூடிய வட்டத்தொட்டியில் ஒரே செய்யுளை அவர் திரும்பத் திரும்பச் சொல்லுவார், மற்றவர்கள் கேட்பார்கள். அவர் பெயர் பெற்றது கவிஞராக இல்லை, ரசிகராக. ஆனால் தெற்குக் கோடியில் எழுதிக்கொண்டிருந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையைத் தமிழ்நாடு அறிந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த ஆர்வமே, தமக்குப் பிடிக்காத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கும் அளவுக்கும் அவரைக் கொண்டுபோனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கேட்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் கவிதை இல்லை. கவிதைப் புத்தகங்கள் சில நூறு பிரதிகள் அச்சாகும் நாட்டில், அவற்றை வாங்கிப் படிக்கிறவர்கள் யார்? பெரும்பாலும் எழுதிப் பார்த்தவர்கள்தான். முதல் கூட்டத்தில் ஒருவரை விரட்டினால் கவிஞர் ஒருவரை இழப்பது நிச்சயமில்லை, வாசகர் ஒருவரை இழப்பது நிச்சயம்.

ஆகவே கேள்வி நேரத்தைப் பற்றியது. நம் கவியரங்க மரபில் அழகான வழக்கம் ஒன்று இருக்கிறது. தலைவர் ஒவ்வொரு கவிஞரையும் பாட்டாலேயே அழைப்பார், பாடி முடித்ததும் பாட்டாலேயே ஒரு வரி சொல்லி அனுப்புவார். அந்த ஒரு வரியைச் சொல்லவாவது அவர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஆழ்வார்பேட்டையில் கூடிவந்த இலக்கியச் சிந்தனை 1970 முதல் சிறுகதைக்குச் செய்ததும் இந்த வகைதான்: மாதந்தோறும் பத்திரிகைகளில் வந்த கதைகளை ஒருவர் படித்து, ஒன்றைத் தேர்ந்து, ஏன் என்று கூட்டத்தில் சொல்ல வேண்டும். கவிதைக் கூட்டங்களில் இப்போது வரவேற்புரை, முன்னிலை உரை, வாழ்த்துரை, சிறப்புரை, பொன்னாடை என்று ஒன்றரை மணி நேரம் போனபின், புதியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு நிமிடம் கிடைக்கிறது. படித்துவிட்டு இறங்குகிறவரிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை, அடுத்த பெயர் அழைக்கப்படுகிறது. வாழ்த்துரைகளில் இரண்டை எடுத்துவிட்டால் நான்கு கவிதைகளைப் பற்றிப் பேசலாம். ஒவ்வொன்றிலும் நன்றாக விழுந்த சொல் எது, தட்டுகிற இடம் எது என்று, முன்கூட்டியே பிரதியை வாங்கிப் படித்து வந்த ஒருவர் ஐந்து நிமிடம் சொன்னால் போதும். மண்டப வாடகை அதேதான்.