வால்வு மோட்டாருக்கு எத்தனை ஃபியூஸ்?

டீ வரட்டும், அதற்குள் பாதி சொல்லிவிடலாம். அனகாபுத்தூர்க்காரர்களுக்குப் பல்லாவரம் தோல் ஆலைகளின் பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் தெரிந்ததுதான். அதுபோன்ற நிலையங்களில் பெரிய குழாய் வால்வுகளை ஆள் நின்று சுற்றுவது குறைவு. வால்வின் தலையில் உட்கார்ந்திருக்கும் சின்ன மோட்டார்தான் திறக்கும், மூடும். அதன் பேனலில் ஃபியூஸ் இரண்டு இடத்தில் இருக்கும்: பவருக்குத் தனி, கண்ட்ரோலுக்குத் தனி.

பவர் பக்கம் மூன்று ஃபேஸ், 415 வோல்ட். அரை எச்.பி. மோட்டார் ஓடும்போது ஒரு ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு. அதைத் தாங்குகிற ஃபியூஸ், லேசான ஓவர்லோடுக்கு அசையாது. மோட்டாரைக் காப்பது ஓவர்லோட் ரிலேயின் வேலை. ஷார்ட் ஆனால் கேபிளைக் காப்பது ஃபியூஸ். அடிக்கடி போகிறதே என்று செம்புக் கம்பியை முறுக்கிப் போடுகிறவர் கேபிளையே ஃபியூஸ் ஆக்கிவிடுகிறார்.

கண்ட்ரோல் பக்கம்தான் கவனிக்க வேண்டியது. டிரான்ஸ்ஃபார்மர் 415-ஐ 110 வோல்ட் ஆக்குகிறது. வெளியே வரும் இரண்டு முனையில் ஒன்றில் ஃபியூஸ், மற்றது எர்த்தில். ஸ்டாப் பட்டன், வால்வு எல்லையைத் தொட்டதும் பிரியும் லிமிட் சுவிட்ச் எல்லாம் ஃபியூஸ் பக்கம் வரிசையாக வர வேண்டும். மோட்டாருக்குக் கரண்ட் விடும் காண்டாக்டர் திறக்க ஒன்று, மூட ஒன்று; அவற்றின் காயிலின் மறுமுனை நேராக எர்த் பக்கம். அப்போது ஒயர் உரிந்து பாடியில் பட்டால் ஃபியூஸ் போகும், மோட்டார் நிற்கும். லிமிட் சுவிட்சை எர்த் பக்கம் மாட்டியிருந்தால் கதையே வேறு. காயிலுக்கும் சுவிட்சுக்கும் நடுவே ஒயர் பாடியில் பட்டால், சுவிட்ச் பிரிந்தும் காயிலுக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். ஃபியூஸ் போகாது, வால்வு இறுகிய பிறகும் மோட்டார் விடாது. அடையாற்றங்கரை ஈரத்தில், கேபிள் நுழையும் கிளாண்டு தளர்ந்திருந்தால் இப்படி நடக்க அதிக நாள் ஆகாது.

ஃபியூஸ் தடுக்கவே முடியாத தவறு ஒன்றும் உண்டு. கேபிள் மாற்றும்போது இரண்டு ஃபேஸ் இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். திற என்றால் மூடும். மூடும் பக்க லிமிட் சுவிட்ச் பிரிந்தாலும் பயனில்லை, அது இருப்பது மூடும் காயிலின் வரிசையில், கரண்ட் போவதோ திறக்கும் காயிலுக்கு. ஆகவே கேபிளில் யார் கைவைத்தாலும், முதலில் ஹேண்ட் வீலால் வால்வைப் பாதி திறந்து வையுங்கள். பிறகு ஓபன் பட்டனை ஒரு தட்டு. மூடப் போகிறதா? மெயினை அணைத்துவிட்டு, இரண்டு ஃபேஸை மாற்றிப் போடுங்கள்.