தழும்பைக் கொடுத்து வாங்கும் வடிவம்

மார்பகத்தை உயர்த்தும் அறுவை சிகிச்சையில் மிக முக்கியமான வேலை, மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. அன்று காலையில் பெண்ணை நேராக நிற்கவைத்தோ உட்காரவைத்தோ, எளிதில் அழியாத மைப்பேனாவால் சர்ஜன் கோடு போடுகிறார். தொண்டைக்குழியிலிருந்து இரண்டு காம்புகளுக்கும் எத்தனை சென்டிமீட்டர், மார்பின் அடிமடிப்பு எங்கே ஓடுகிறது, காம்பு இனி எந்த உயரத்தில் அமைய வேண்டும் என்று டேப் வைத்து அளந்து குறிக்கிறார். ஆபரேஷன் மேஜையில் மல்லாந்து படுத்துவிட்டால் மார்பகம் பக்கவாட்டில் சரிந்துவிடும். அப்போது போடும் கோடு, எழுந்து நின்றதும் இடம் மாறிப்போகும். ரவிக்கைக்கு அளவெடுக்கும் டெய்லர் யாரையாவது படுக்கவைத்து அளவெடுப்பாரா? அதே கதைதான். மாஸ்டோபெக்ஸி என்று மருத்துவர்கள் சொல்லும் இந்தச் சிகிச்சையும் ஒருவகையில், தளர்ந்துபோன தோலில் டக் பிடிப்பதுதான்.

அது ஏன் தளர்கிறது? மார்பகத்துக்குள் அதைத் தூக்கிப் பிடிக்கும் தசை எதுவும் கிடையாது. பால் சுரப்பிகள், கொழுப்பு, இவற்றுக்கு இடையே புகுந்து தோலையும் பின்புறத் தசையின் உறையையும் இணைக்கும் மெல்லிய நார் நாண்கள், அவ்வளவுதான். லண்டன் மருத்துவர் சர் ஆஸ்ட்லி கூப்பர் 1840-ல் வெளியிட்ட மார்பக உடற்கூறு நூலில் இவற்றை விவரித்தார். அதனால் இன்றும் இவற்றுக்குக் கூப்பரின் பெயர்தான். வயதாக ஆக இந்த நாண்களும் தோலும் இழுபட்டுத் தளர்கின்றன. தளர்ந்தவை பழையபடி சுருங்குவதில்லை. புஷ்-அப் எடுத்தால் மார்பகத்துக்குப் பின்னாலிருக்கும் தசை வலுப்பெறும், அது நல்லதுதான். ஆனால் முன்னால் தொங்குவது அதனால் மேலேறாது. மசாஜ் எண்ணெய், க்ரீம், உறிஞ்சும் பம்ப் என்று விளம்பரத்தில் வருபவற்றுக்குக் கொடுக்கும் காசு வீண்.

இங்கே ஒரு பழியைத் துடைத்தாக வேண்டும். பால் கொடுத்தால் மார்பு தொங்கிவிடும் என்று பிரசவ வார்டிலேயே பேசுகிறார்கள். அந்தப் பயத்தில் சீக்கிரமே புட்டிப்பாலுக்கு மாறுகிற தாய்மார்கள் உண்டு. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக் சர்ஜன்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கர்ப்பமுற்ற அனுபவமுள்ள பெண்களில் பால் கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் ஒப்பிட்டபோது, பால் கொடுத்தது தளர்வுக்குக் காரணமாகத் தெரியவில்லை. வயது, எத்தனை முறை கர்ப்பம் தரித்தார், உடல் பருமன், ஏற்கெனவே மார்பகம் பெரிதாக இருந்ததா, புகைபிடித்தாரா என்பவைதான் காரணங்களாக நின்றன. யோசித்தால் புரியும். கர்ப்ப காலத்திலேயே சுரப்பிகள் பெருத்துத் தோல் விரிந்துவிடுகிறது. குழந்தை பால் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் சுரப்பிகள் பிறகு வற்றத்தான் செய்யும். பிள்ளையின் வாயிலிருந்து பாலைப் பறிப்பதால் தாய்க்கு எந்த லாபமும் இல்லை.

தளர்வு எந்த அளவு என்பதைக் கண்ணாடி முன் நின்று நாமே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். ரெனோ என்ற கனடா மருத்துவர் 1976-ல் வகுத்த முறையைத்தான் இன்றும் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள். காம்பு அடிமடிப்பின் மட்டத்தில் இருந்தால் முதல் நிலை, மடிப்புக்குக் கீழே இறங்கியிருந்தால் இரண்டாம் நிலை, மார்பகத்தின் அடிப்பகுதியில் தரையைப் பார்த்தபடி இருந்தால் மூன்றாம் நிலை. எங்கே வெட்டுவது என்பதை இதுதான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. லேசான தளர்வென்றால் காம்பின் கருவட்டத்தைச் சுற்றி மட்டும் ஒரு வளையக் கீறல் போதும். அதற்கு மேல் என்றால் வட்டத்திலிருந்து கீழே ஒரு நேர்கோடும் சேரும். மிகவும் தளர்ந்திருந்தால் அடிமடிப்பை ஒட்டி இன்னொரு கோடும் சேர்ந்து, கப்பலின் நங்கூரம் போலத் தழும்பு அமையும். கீறல் சிறியதாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் ஆசைப்படுகிறார்கள். ஆனால் மூன்றாம் நிலைத் தளர்வை வளையக் கீறலோடு முடித்தால் வட்டம் விரிந்து, மார்பகம் தட்டையாகி, மறுபடி ஆபரேஷன் செய்ய வேண்டி வரலாம்.

காம்பை வெட்டியெடுத்து மேலே ஒட்டுவார்கள் என்று பலர் நினைத்துப் பயப்படுகிறார்கள். மிக அரிதாக, மிகப் பெரிய மார்பகங்களில் மட்டுமே அப்படிச் செய்வார்கள். மற்றபடி காம்பு தன் அடியிலுள்ள திசுவோடு ஒட்டியபடியே மேலே நகர்த்தப்படுகிறது. இங்கேதான் சர்ஜனின் கைத்திறன் தெரியும். கோட்டுக்குள் இருக்கும் தோலின் மேல்படலத்தை மட்டும், வெள்ளரித் தோலைச் சீவுவது போல மெல்லியதாகச் சீவி எடுக்கிறார். அதன் அடியிலுள்ள வெண்ணிறப் படலத்தில் நுண்ணிய ரத்த நாளங்கள் ஓடுகின்றன. காம்பு உயிரோடு இருக்க அவையும் உதவுவதால் அதை விட்டுவைக்கிறார். காம்புக்கு உணர்ச்சி தரும் முக்கிய நரம்பு நான்காம் விலா எலும்பை ஒட்டி வருகிறது. அதையும் காப்பாற்ற முயல்கிறார். பிறகு உள்ளே இருக்கும் சுரப்பித் திசுவை மேலே தூக்கி, ஒன்றுகூட்டித் தைக்கிறார். வெறும் தோலை இழுத்துத் தைத்தால் நிற்காது. தோல்தான் ஏற்கெனவே ஒருமுறை தளர்ந்து காட்டிவிட்டதே! எல்லாம் முடிய இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் ஆகும். முழு மயக்கத்தில்தான் பெரும்பாலும் செய்வார்கள். அன்றே வீடு திரும்பலாம், அல்லது ஓர் இரவு தங்க வேண்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் பலருக்குச் சிரமம். வலி மாத்திரைக்கு அடங்கும். வீட்டு வேலைதான் அடங்காது. நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்குத் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் எதையும் தூக்கக் கூடாது. குழந்தையை இடுப்பில் தூக்கிவைக்கக் கூடாது. கையை உயர்த்திக் கொடியில் துணி உலர்த்துவதும் முதல் சில வாரங்களுக்கு வேண்டாம். கம்பியில்லாத இறுக்கமான சப்போர்ட் பிராவை இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும். மேஜை வேலையென்றால் ஒன்றிரண்டு வாரத்தில் ஆபீஸ் போகலாம். ஆனால் வீட்டில் கைகொடுக்க ஓர் ஆள் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். முதலில் மார்பகம் மேலே தூக்கலாகவும் இறுகலாகவும் தெரியும். பயப்பட வேண்டாம். வீக்கம் வடிந்து இயல்பான வடிவத்துக்கு வரச் சில மாதங்கள் பிடிக்கும்.

தழும்பு போகாது. முதல் சில மாதங்கள் சிவந்து தடித்திருக்கும், ஓராண்டு ஒன்றரை ஆண்டில் மங்கும், ஆனால் முழுதாக மறையாது. நம் மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் இதில் கூடுதல் கவனம் வேண்டும். கீலாய்டு என்ற தடித்த தழும்பு வளரும் வாய்ப்பு நமக்கு அதிகம். காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ உங்களுக்கு அப்படி உருண்டு திரண்டு வளர்ந்திருந்தால், முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு காரணத்துக்காகவே யோசனையைக் கைவிடுவதில் தவறில்லை என்பேன்.

இந்த அறுவை சிகிச்சை மார்பகத்தைப் பெரிதாக்காது. அதற்கு இம்ப்ளான்ட் வேண்டும், அது வேறு கதை, வேறு அபாயங்கள். பலன் நிரந்தரமும் அல்ல. எடை கூடிக் குறைந்தாலும் மறுபடி கருத்தரித்தாலும் திரும்பத் தளரும். காம்பின் உணர்ச்சி குறையலாம், இரண்டு பக்கமும் சிறிது வேறுபடலாம், அடுத்த குழந்தைக்குப் பால் போதாமல் போகலாம். புகைபிடிப்பவர்கள் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும். நிகோடின் ரத்த நாளங்களைச் சுருக்குவதால், மேலே நகர்த்திய காம்பு கறுத்து அழுகிப்போகும் ஆபத்து உண்டு. சர்க்கரை நோயும் கட்டுக்குள் இருக்க வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் முன்கூட்டியே மேமோகிராம் எடுத்துவிட வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே கொழுப்பு இறுகிக் கட்டி போலத் தென்படலாம் என்பதால், பின்னாளில் எந்தப் பரிசோதனைக்குப் போனாலும் இந்தச் சிகிச்சை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அழகுக்காகச் செய்துகொள்வதற்கு மருத்துவக் காப்பீடு பணம் தராது. அதோடு ஜிஎஸ்டியும் சேரும். எனவே அவசரமே வேண்டாம். கடைசிக் குழந்தைக்குப் பால் மறக்கடித்து ஆறு மாதமாவது ஆகட்டும், உடல் எடை ஒரு நிலைக்கு வரட்டும். டாக்டரின் பெயர்ப்பலகையில் ‘காஸ்மெட்டிக் சர்ஜன்’ என்று இருந்தால் மட்டும் போதாது. எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி அல்லது அதற்கு இணையான டிஎன்பி பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களைப் போன்ற தளர்வுக்கு அவர் ஆபரேஷன் செய்த பெண்களின் தழும்பு ஓராண்டுக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று, முகம் தெரியாத படங்களைக் காட்டச் சொல்லுங்கள். அவர் தயங்கினால், வேறு டாக்டரைப் பாருங்கள்.