ஆட்டிசம் உள்ள குழந்தையோட தீம் பார்க்: டிக்கெட் வாங்குறதுக்கு முன்னாடி போடவேண்டிய கணக்கு

ஆட்டிசம் உள்ள குழந்தையை தீம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போகலாமான்னு யோசிக்கிற அப்பா அம்மா மனசுல ஓடுற கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஒரு மணி நேரத்துல திரும்ப வேண்டி வந்துட்டா, அவ்வளவு காசும் வீணா?" மாசச் சம்பளத்துல இருக்கிற நமக்கு இது நியாயமான பயம். ஆனா இதுக்கான பதிலை வீட்டிலேயே முடிவு பண்ணிடணும். கேட்டுக்குள்ள போனப்புறம் யோசிச்சா, காசுதான் நம்மகிட்ட பேசும்.

ஒரு உதாரணம். டிக்கெட் தலைக்கு 1,500 ரூபாய்னு வச்சுக்குவோம். மூணு பேருக்கு 4,500. சாப்பாடு, வண்டிச் செலவு எல்லாம் சேர்த்தா 7,000. காலையில 11 மணிக்கு உள்ள போறீங்க. 12.30-க்கு வேவ் பூல் சைரன் அடிக்குது, குழந்தை காதைப் பொத்திக்கிட்டுத் தரையில உட்கார்ந்துடுச்சு. 'இவ்வளவு காசு கொடுத்திருக்கோமே, இன்னும் நாலு ரைடு பார்த்துட்டுப் போலாம்'னு இழுத்துட்டுப் போனா அந்த 4,500 திரும்பி வருமா? இருந்தாலும் கிளம்பினாலும் அது போனதுதான். நஷ்டத்துல இருக்கிற பங்கை 'வாங்கின விலைக்காவது வரட்டும்'னு பிடிச்சு வச்சிருக்கோமே, அதே மனசுதான் இதுவும். பங்குல நஷ்டம் நம்மளுது. இங்க அதைக் குழந்தை அனுபவிக்குது. அது அடம் பிடிக்கல. சத்தமும் கூட்டமும் வெயிலும் தாங்கமுடியாம வர்ற தவிப்பு அது. ஒரு தடவை இழுத்துட்டுப் போனா, அடுத்த தடவை பார்க் பேரைச் சொன்னாலே வண்டியில ஏறாது.

அதனால டிக்கெட் விலையை ஒரு நாள் விலையா பார்க்காதீங்க. 'ரெண்டு மணி நேரத்துக்கு இந்தக் காசைக் கொடுக்க நமக்குச் சம்மதமா?'ன்னு ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்க. சம்மதம்னா தைரியமா போங்க. இல்லைன்னா, ரைடுக்கு ரைடு தனியா காசு வாங்குற இடத்துல ஆரம்பிங்க. தீவுத்திடல் பொருட்காட்சி மாதிரி. சாயங்காலம் அங்க ஸ்பீக்கர் சத்தம் காதைக் கிழிக்கும், திறந்த உடனே போயிடணும்.

பெரிய பார்க்னு முடிவு பண்ணிட்டா, வார நாள்ல ஒரு லீவு போடுங்க. பள்ளி விடுமுறை சமயம் வேண்டாம். கூட்டமும் குறைவு, பல பார்க்குகள்ல டிக்கெட்டும் குறைவு. 2025 டிசம்பர்ல திருப்போரூர் பக்கம் திறந்த வொண்டர்லா மாதிரி இடங்கள்ல வரிசையில நிக்காம போற ஃபாஸ்ட்ராக் டிக்கெட் தனி விலையில இருக்கு. மத்தவங்களுக்கு அது ஆடம்பரம். காத்திருக்கவே முடியாத குழந்தைக்கு அதுதான் உண்மையான டிக்கெட். அமெரிக்காவுல டிஸ்னி பார்க்குகள்ல ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு இருக்கிறவங்களுக்கு, முன்கூட்டியே பேசி ஒப்புதல் வாங்கிட்டா, வரிசைக்கு வெளியே காத்திருக்கிற வசதி கட்டணமில்லாம கிடைக்குது. நம்ம ஊர்லயும் கேட்டுப் பாருங்க. கேட்கிறதுக்குக் காசு இல்ல.

இதைவிடப் பெரிய தலைவலி டிரெஸ். தண்ணி ரைடுகள்ல பொதுவா காட்டன் துணியை விடமாட்டாங்க, நைலான் உடைதான். துணி உரசினாலே பொறுக்காத குழந்தைகிட்ட அதை அங்க போய் முதல் தடவை மாட்டினா, அன்னைக்கு நாள் அங்கேயே முடிஞ்சது. முன்னாடியே வாங்கி, ஒரு வாரம் வீட்ல போட்டுக் குளிக்கப் பழக்குங்க. சாப்பாடும் அப்படித்தான். தயிர்சாதம் தவிர எதையும் தொடாத குழந்தைக்கு 'வெளிச் சாப்பாடு அனுமதி இல்லை'ங்கிற போர்டு பெரிய பிரச்சினை. போன்ல கேட்டு, பதிலை மெயில்லயும் வாங்கி வச்சுக்கங்க. கேட்ல நிக்கிறவர்கிட்ட வாக்குவாதம் பண்ண வேண்டாம், காட்டினா போதும்.

இன்னொரு குழந்தை இருந்தா, ஒருத்தர் கிளம்பினதும் அந்தக் குழந்தையும் கிளம்பணும்னு அவசியமில்ல. திரும்பி வர ஒரு கேப் காசைத் தனியா ஒதுக்கிடுங்க. அக்கா ரோலர் கோஸ்டர் போகட்டும். எப்பவும் தம்பிக்காக விட்டுக்கொடுக்கிற பிள்ளைக்கு அது ரொம்பப் பெருசு.

சரி, இந்தக் காசு எங்கிருந்து வரும்? வருமான வரியில 80டிடி-ன்னு நமக்குப் பழக்கமான கழிவு ஒண்ணு இருக்கு. குறைபாடு 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா 75,000 ரூபாய், 80 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா 1,25,000. எவ்வளவு செலவு பண்ணீங்கன்னு பில் காட்டத் தேவையில்ல. 20 சதவீத ஸ்லாப்ல இருக்கிறவருக்கு 75,000 கழிவுன்னா, செஸ்ஸோட 15,600 ரூபாய் மிச்சம். ஆனா இது பழைய வரி முறையில மட்டும்தான். சம்பளம் 12.75 லட்சத்துக்குள்ள இருந்தா புதிய முறையிலயே வரி இல்லாம போயிடும், அவங்களுக்கு இது தேவைப்படாது. அதுக்கு மேல இருக்கிறவங்க ரெண்டு முறையிலயும் கணக்குப் போட்டுப் பாருங்க. கையில இருக்கிற மருத்துவச் சான்றிதழ் தற்காலிகமானதான்னும் பார்த்துக்கங்க. மறு மதிப்பீட்டுத் தேதி தாண்டியிருந்தா, அந்த நிதியாண்டுக்கு அடுத்த வருஷத்துலருந்து, புதுசு வாங்காம கழிவு கிடைக்காது.